ஒரே கணிப்பொறியில் பல கம்பைலர்கள்

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்குகிறது. சிற்றாறு குற்றால மலையில் பிறந்து தென்காசி வழியாக வருகிறது. திருநெல்வேலிக்கு வடகிழக்கே உள்ள சீவலப்பேரியில் இவ்விரண்டும் கூடுகின்றன. முக்கூடற் பள்ளு பாடும் முக்கூடல் இவ்விடமே என்பர். கூடிய இடத்துக்குக் கீழே ஒரு குடம் நீர் முகந்து, "இதில் குற்றாலத்து நீர் எது, பாபநாசத்து நீர் எது?" என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. கலந்தது கலந்ததுதான்.

அங்கிருந்து ஆற்றோடு இன்னும் கீழே சென்றால் மருதூர் அணைக்கட்டு வருகிறது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளுள் இது ஏழாவது. இங்கே ஆற்று நீர் மேலக்கால், கீழக்கால் என்று இரண்டு கால்வாய்களில் பிரிந்து செல்கிறது. ஒவ்வொரு காலுக்கும் தனி வழி, தனி மதகு, தனிப் பாசனம். ஒன்றின் நீர் மற்றொன்றின் வயலைக் கெடுப்பதில்லை.

ஆற்றுக்கும் கணிப்பொறிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஒரு கணிப்பொறியில் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பைலர்களை வைப்பதற்கும் இந்த இரண்டு வழிகளே உள்ளன. சீவலப்பேரியைப் போல ஒன்றில் ஒன்றைக் கலக்கலாம். மருதூரைப் போலத் தனித்தனி வழியில் விடலாம். முதல் வழி ஏன் ஆபத்தானது, இரண்டாம் வழியை எப்படி அமைப்பது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

கம்பைலர் என்பது யாது?

கணிப்பொறியின் மையச் செயலகத்துக்கு 0, 1 என்னும் இரண்டு குறிகளால் ஆன ஆணைகள் மட்டுமே தெரியும். நாமோ சி++, ஃபோர்ட்ரான் போன்ற மொழிகளில், ஓரளவு ஆங்கிலச் சொற்களும் கணிதக் குறிகளும் கலந்து நிரல்களை எழுதுகிறோம். இடையில் நின்று ஒன்றை மற்றொன்றாகப் பெயர்த்துத் தரும் நிரலே கம்பைலர். இதைத் தமிழில் நிரல்பெயர்ப்பி என்றும் தொகுப்பி என்றும் வழங்குவர்.

1957-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழுவினர் ஃபோர்ட்ரான் மொழிக்கான கம்பைலரை வெளியிட்டனர். 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 கணிப்பொறி வந்தபோது, நம் நாட்டு மாணவர்கள் பலர் அதில் ஃபோர்ட்ரான் கற்றனர். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பைத் தொடங்கினர். ரிட்சி 1972 வாக்கில் சி மொழியை உருவாக்கினார். 1973-இல் யூனிக்ஸின் கருவே சி மொழியில் திருப்பி எழுதப்பட்டது. அன்று முதல் யூனிக்ஸும் கம்பைலரும் பிரியாத் துணைகள். 1987-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் ஜி.சி.சி. என்னும் கம்பைலரை எவரும் இலவசமாகப் பெற்றுத் திருத்திக் கொள்ளும்படி வெளியிட்டார். 1991-இல் யூனிக்ஸின் முறையைப் பின்பற்றி லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை எழுதினார். இன்று பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் பலருக்கும் பொதுவாக இயங்கும் சர்வர் கணிப்பொறிகளில் பெரும்பாலானவை லினக்ஸில்தான் இயங்குகின்றன.

ஒரு கம்பைலர் போதாதா?

பதினோராம் வகுப்பில் சி++ படிக்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படிக்கிறீர்கள். மொழிக்கு ஒரு கருவி வேண்டும் என்பது விளங்குகிறது. ஆனால் ஒரே மொழிக்கு இரண்டு மூன்று கம்பைலர்கள் எதற்கு?

மொழிகளும் வளர்கின்றன என்பதே காரணம். சி++ மொழிக்கு 1998, 2011, 2014, 2017, 2020 என்று அடுத்தடுத்துத் தர அளவுகள் வந்துள்ளன. 2017-ஆம் ஆண்டின் இலக்கணப்படி எழுதிய நிரலை ஜி.சி.சி.யின் 4.8-ஆம் பதிப்பிடம் கொடுத்தால் அது புரியாமல் விழிக்கும். அப்படியானால் எப்போதும் புதிய பதிப்பையே வைத்துக் கொண்டால் என்ன? அதிலும் ஒரு தொல்லை உண்டு.

2020-ஆம் ஆண்டில் ஜி.சி.சி.யின் 10-ஆம் பதிப்பு வெளிவந்தது. அதிலுள்ள ஃபோர்ட்ரான் கம்பைலர் ஒரு விஷயத்தில் கண்டிப்பு மிகுந்ததாக மாறியது. பழைய நிரல்களில் ஒரே துணைநிரலுக்கு ஓரிடத்தில் முழு எண்ணையும் மற்றோரிடத்தில் பதின்ம எண்ணையும் அனுப்பியிருப்பார்கள். இலக்கணப்படி அது தவறு. ஆயினும் முந்தைய பதிப்புகள் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டன. 10-ஆம் பதிப்போ அதைப் பிழை என்று சொல்லி நிறுத்திவிட்டது. பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த நிரல்கள், ஓர் எழுத்துகூட மாற்றப்படாமலே, புதிய கம்பைலரில் நின்று போயின. பழைய தாராளத்தைக் கேட்டு வாங்கத் தனி விருப்பக் கட்டளை ஒன்று உண்டு. ஆனால் அது தெரிந்தவர்களுக்கே பயன்படும்.

ஆகவே ஒருவருக்குப் புதியது வேண்டும்; ஒருவருக்குப் பழையது வேண்டும். தனி ஒருவரின் கணிப்பொறியானால் அவர் விருப்பம் போல் செய்து கொள்ளலாம். பொதுவான சர்வரில் என்ன செய்வது?

திருச்சியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'பரம் பொருள்' என்னும் மீத்திறன் கணிப்பொறி தொடங்கி வைக்கப்பட்டது. தேசிய மீத்திறன் கணிப்பணித் திட்டத்தின் கீழ் சி-டாக் நிறுவனம் இதை அமைத்தது. இதன் உச்ச வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். இத்தகைய இயந்திரம் ஒருவருக்கோ ஒரு துறைக்கோ உரியதன்று. இயற்பியலார், வேதியியலார், பொறியியலார் எனப் பலரும் ஒரே நேரத்தில் அதில் வேலை செய்வர். அவரவர் நிரலுக்கு அவரவர் கம்பைலர் வேண்டும். ஒருவருக்காகச் செய்த மாற்றம் இன்னொருவரின் வேலையைக் கெடுத்துவிடக் கூடாது.

ஒன்றின் மேல் ஒன்றை நிறுவினால்

யூனிக்ஸ் முறையில் கோப்புகள் யாவும் ஒரு மரத்தின் கிளைகளைப் போல அமைந்த அடைவுகளுக்குள் இருக்கின்றன. ஓர் அடைவு என்பது கோப்புகளை வைக்கும் பெட்டி. பெட்டிக்குள் பெட்டியும் இருக்கலாம். மரத்தின் வேர் ஒரு சாய்கோட்டால் குறிக்கப்படுகிறது. /யூஎஸ்ஆர்/பின் என்னும் அடைவில் இயக்க அமைப்போடு வந்த கட்டளைகள் உள்ளன. 'பின்' என்பது இங்கே இயக்கத்தக்க நிரல்கள் இருக்கும் இடத்தைக் குறிக்கும்.

கம்பைலர் என்பது ஒரே கோப்பன்று. ஜி.சி.சி.யை நிறுவினால் நூற்றுக்கணக்கான கோப்புகள் வந்து இறங்கும். பெயர்க்கும் நிரல்கள் ஓரிடத்தில், தலைப்புக் கோப்புகள் ஓரிடத்தில், துணைநிரல் நூலகங்கள் ஓரிடத்தில், கையேடுகள் ஓரிடத்தில் அமரும். பழைய பதிப்பு இருக்கும் அடைவுகளிலேயே புதிய பதிப்பையும் கொட்டினால், ஒரே பெயருள்ள கோப்புகளில் பழையது அழிந்து புதியது அமரும். வேறு பெயருள்ளவை அப்படியே தங்கும். முடிவில் பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒரு கலவை கிடைக்கும். பிறகு புதியது வேண்டாம் என்று தோன்றினாலும், எந்தக் கோப்பு எதைச் சேர்ந்தது என்று பிரிப்பது சீவலப்பேரியில் முகந்த குடத்து நீரைப் பிரிப்பது போலத்தான்.

இதைவிட மோசமான நிலையும் ஏற்படலாம். இயக்க அமைப்பின் சில பகுதிகளே ஒரு குறிப்பிட்ட பதிப்பை நம்பி எழுதப்பட்டிருக்கும். சென்ட்-ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் வகையில் மென்பொருள்களை நிறுவும் 'யம்' என்னும் நிரல் பைத்தான் 2-இல் எழுதப்பட்டது. பைத்தான் 3 வேண்டும் என்று நினைத்து, 'பைத்தான்' என்ற கட்டளையையே அதற்கு மாற்றி வைத்தவர்களின் கணிப்பொறிகளில் 'யம்' ஓட மறுத்தது. புதிய மென்பொருளை நிறுவ வேண்டிய கருவியே பழுதாகிவிட்டது. அமர்ந்திருக்கும் கிளையை வெட்டிய கதைதான். அந்த லினக்ஸ் வகைக்கான ஆதரவு 2024 ஜூன் மாதத்தோடு முடிந்தது. ஆனால் அது தரும் பாடம் எல்லா வகைகளுக்கும் பொருந்தும். இயக்க அமைப்பு தன் தேவைக்கு வைத்திருக்கும் கருவியைத் தொடாதே என்பதே அந்தப் பாடம்.

தனி வழி அமைத்தல்

சரியான முறை எளியது. ஒவ்வொரு பதிப்புக்கும் அதன் பெயரிலேயே ஒரு தனி அடைவு கொடுத்துவிட வேண்டும். கூடுதல் மென்பொருள்களுக்கென்று யூனிக்ஸ் வழக்கத்தில் /ஆப்ட் என்னும் அடைவு உண்டு. அதற்குள் ஜிசிசி-9 என்று ஒன்று, ஜிசிசி-13 என்று ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் அதற்கே உரிய நிரல்கள், நூலகங்கள், கையேடுகள். வேண்டாதபோது அந்த ஓர் அடைவை நீக்கினால் போதும். மற்றவற்றுக்கு ஒன்றும் நேராது.

மூல நிரலிலிருந்து ஜி.சி.சி.யை நிறுவும் படிகளைச் சுருக்கமாகக் காண்போம்.

1. மூல நிரல் அடங்கிய சுருக்கக் கோப்பைப் பெற்று விரிக்க வேண்டும். பெரிய எண்களோடும் துல்லியமான பதின்ம எண்களோடும் கணக்கிட உதவும் ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்னும் மூன்று நூலகங்களும் தேவை.

2. மூல நிரல் இருக்கும் அடைவுக்கு வெளியே வேறோர் அடைவை உருவாக்கி, வேலையை அங்கிருந்து தொடங்க வேண்டும். இதனால் மூல நிரல் மாசுபடாமல் இருக்கும்.

3. 'கான்ஃபிகர்' என்னும் கட்டளையை இயக்க வேண்டும். இது கணிப்பொறியை ஆராய்ந்து அதற்கேற்ற வேலைத் திட்டத்தை எழுதித் தரும். இந்தக் கட்டளையோடு 'பிரிஃபிக்ஸ்' என்ற விருப்பத்தையும் சேர்த்து /ஆப்ட்/ஜிசிசி-13 என்று இடத்தைக் குறிப்பிட வேண்டும். தனி வழியை வெட்டுவது இந்த ஒரு சொல்தான். இதை மறந்தால் கோப்புகள் யாவும் பொதுவான /யூஎஸ்ஆர்/லோக்கல் அடைவுக்குள் போய்விடும்.

4. 'மேக்' என்னும் கட்டளை கம்பைலரை உருவாக்கும். இது சில மணி நேரம்கூட ஆகலாம்.

5. 'மேக் இன்ஸ்டால்' என்னும் கட்டளை உருவானவற்றைக் குறித்த இடத்தில் வைக்கும்.

உறைமோரும் கம்பைலரும்

நான்காம் படியில் ஒரு விந்தை உள்ளது. ஜி.சி.சி.யும் ஒரு நிரல்தான். அது சி++ மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. அப்படியானால் அதைப் பெயர்க்க ஏற்கெனவே ஒரு சி++ கம்பைலர் வேண்டுமே! தயிர் தோய்க்க உறைமோர் வேண்டும் அல்லவா? அதுபோல, புதிய கம்பைலரை உருவாக்கக் கணிப்பொறியில் முன்பே இருக்கும் பழைய கம்பைலர் பயன்படுகிறது. பழையதை அழிக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை மூன்று கட்டங்களில் நடக்கிறது. பழைய கம்பைலர் புதியதன் மூல நிரலைப் பெயர்க்கிறது. கிடைப்பது முதற்கட்டக் கம்பைலர். முதற்கட்டக் கம்பைலரிடம் அதே மூல நிரலைக் கொடுத்தால் இரண்டாங்கட்டக் கம்பைலர் கிடைக்கிறது. இரண்டாங்கட்டக் கம்பைலரிடம் மீண்டும் அதையே கொடுத்தால் மூன்றாங்கட்டக் கம்பைலர் கிடைக்கிறது. பிறகு இரண்டாங்கட்டத்தில் உருவான கோப்புகளும் மூன்றாங்கட்டத்தில் உருவானவையும் ஒப்பிடப்படுகின்றன.

முதற்கட்டத்தை ஏன் ஒப்பிடுவதில்லை? அதைப் பெயர்த்தது பழைய கம்பைலர். அதன் மொழிநடை வேறு. இரண்டாவதையும் மூன்றாவதையும் பெயர்த்தவை புதிய கம்பைலரின் இரு வடிவங்கள். மூலமும் ஒன்று, பெயர்க்கும் முறையும் ஒன்று என்றால் விளைவும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அவை வேறுபட்டால் எங்கோ பிழை உள்ளது என்று பொருள். வேலை அங்கேயே நின்றுவிடும். கம்பைலர் தன்னைத் தானே சோதித்துக் கொள்ளும் அழகான முறை இது.

எந்த மதகு திறந்திருக்கிறது?

இப்போது கணிப்பொறியில் இரண்டு ஜி.சி.சி.க்கள் உள்ளன. நீங்கள் 'ஜிசிசி' என்று விசைப்பலகையில் அடித்தால் எது வரும்?

நீங்கள் அடிக்கும் கட்டளையை வாங்கிக் கொள்வது 'ஷெல்' என்னும் நிரல். அதனிடம் 'பாத்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எந்தெந்த அடைவுகளில், எந்த வரிசையில் கட்டளையைத் தேட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அடைவுகளின் பெயர்களுக்கு இடையே முக்காற்புள்ளி இருக்கும். ஷெல் இடமிருந்து வலமாகத் தேடும். கேட்ட பெயர் முதலில் எங்கே கிடைக்கிறதோ அதையே இயக்கும், அதற்குமேல் தேடாது.

ஒரு வகுப்பில் சுடலைமுத்து என்று இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஆசிரியர் "சுடலைமுத்து" என்று அழைத்தால் முன் பெஞ்சில் இருப்பவன் எழுந்து விடுகிறான். பின் பெஞ்சுக்காரனை எழுப்ப இரண்டு வழிகள் உண்டு. அவனை முன் பெஞ்சுக்குக் கொண்டு வரலாம். அல்லது தலைப்பெழுத்தோடு சேர்த்துக் கூப்பிடலாம்.

முதல் வழி பாத் பட்டியலின் வரிசையை மாற்றுவது. இதோ:

பாத்=/ஆப்ட்/ஜிசிசி-13/பின்:$பாத்

பழைய பட்டியலின் முன்னால் புதிய அடைவைச் சேர் என்பது இதன் பொருள். இனி 'ஜிசிசி' என்றால் 13-ஆம் பதிப்பு எழுந்து வரும். இந்த மாற்றம் அந்த ஒரு ஷெல்லுக்கும் அதிலிருந்து பிறக்கும் நிரல்களுக்கும் மட்டுமே பொருந்தும். பக்கத்து அறையில் அதே சர்வரில் வேலை செய்பவருக்குப் பழைய பதிப்பே கிடைக்கும். அவரவர் மதகு அவரவர் கையில்!

இரண்டாம் வழி தலைப்பெழுத்து. டெபியன் என்னும் லினக்ஸ் வகையில் கம்பைலர்கள் ஜிசிசி-12, ஜிசிசி-13 என்று எண்ணோடு கூடிய பெயர்களிலேயே நிறுவப்படுகின்றன. வெறும் 'ஜிசிசி' என்பது அவற்றுள் ஒன்றைச் சுட்டும் கைகாட்டிக் கோப்பு மட்டுமே. கைகாட்டியைத் திருப்பினால் வழி மாறும். எந்தக் கம்பைலரும் அழிவதில்லை.

இங்கே ஒரு நுட்பம். சில ஷெல்கள் ஒரு முறை கண்டுபிடித்த கட்டளையின் இடத்தை நினைவில் வைத்துக் கொள்ளும். அதனால் புதிய கம்பைலரை இடையில் நிறுவினாலும் பழையதே தொடர்ந்து வரக் கூடும். 'ஹேஷ் -ஆர்' என்ற கட்டளை அந்த நினைவை அழிக்கும்.

கட்டுச்சோறு கொண்டு போகாத நிரல்

பாத் பட்டியலைச் சரிசெய்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. கம்பைலர் தந்த நிரலை இயக்கும்போது இன்னொரு சிக்கல் எழும்.

பயணம் போகிறவர் கட்டுச்சோறு கொண்டு போகலாம். அல்லது போகுமிடத்தில் உணவு கிடைக்கும் என்று வெறுங்கையோடு போகலாம். நிரல்களும் இப்படித்தான். வேண்டிய துணைநிரல்களையெல்லாம் தன்னுள்ளேயே கொண்ட நிரல் கட்டுச்சோற்றுக்காரர். ஆனால் பெரும்பாலான நிரல்கள் இடத்தைச் சேமிப்பதற்காகப் பொது நூலகங்களை நம்பி வெறுங்கையோடு புறப்படுகின்றன. சி++ நிரல்கள் நம்பும் நூலகத்தின் பெயர் லிப்-எஸ்டிடி-சி++. இது ஜி.சி.சி.யோடு சேர்ந்தே வருகிறது. இதிலுள்ள வசதிகளுக்குப் பதிப்பு எண்கள் இடப்பட்டிருக்கும். ஜி.சி.சி. 4.8-உடன் வந்த நூலகம் 3.4.19 வரையிலான வசதிகளையே அறியும். 3.4.20 எண்ணுள்ள வசதியைக் கேட்கும் நிரலை அங்கே இயக்கினால், "அந்தப் பதிப்பு இல்லை" என்ற பிழைச் செய்தியோடு நிரல் நின்றுவிடும்.

புதிய கம்பைலரால் பெயர்த்த நிரல், இயங்கும் நேரத்தில் பழைய நூலகத்தின் வாசலில் போய் நிற்பதால் வரும் கோளாறு இது. இதைத் தீர்க்க, நூலகங்களைத் தேடும் பட்டியலிலும் புதிய கம்பைலரின் அடைவை முன்னால் சேர்க்க வேண்டும். அல்லது நிரலைப் பெயர்க்கும்போதே நூலகத்தின் முகவரியை அதற்குள் பொறித்துவிட வேண்டும். பழையதற்காக எழுதியவை புதிய நூலகத்திலும் ஓடும். புதியதற்காக எழுதியவை பழையதில் ஓடா.

ஃபோர்ட்ரானில் இன்னொரு கண்டிப்பு உண்டு. அதன் கம்பைலர், நிரலின் பகுதிகளைப் பற்றிய குறிப்புகளைத் தனிக் கோப்புகளில் எழுதி வைக்கும். அந்தக் குறிப்புகளின் வடிவம் கம்பைலருக்குக் கம்பைலர் வேறு. சில சமயம் பதிப்புக்குப் பதிப்பும் வேறு. ஒன்று எழுதியதை மற்றொன்று படிக்க மறுத்துவிடும். எனவே சர்வரில் ஐந்து கம்பைலர்கள் இருந்தால், அவற்றோடு பயன்படும் கணித நூலகங்களையும் ஐந்து முறை பெயர்த்து ஐந்து தனி அடைவுகளில் வைக்க வேண்டி வரலாம். மேலக்காலுக்கென வெட்டிய வாய்க்காலைக் கீழக்காலோடு இணைக்க முடியாது அல்லவா?

ஒரே விசையில் எல்லா மதகுகளும்

கட்டளைகளுக்கு ஒரு பட்டியல், நூலகங்களுக்கு ஒரு பட்டியல், கையேடுகளுக்கு ஒரு பட்டியல் என்று ஒவ்வொன்றையும் கையால் மாற்றினால், ஒன்றை மாற்றி மற்றொன்றை மறப்பது இயல்பு. பாதி மாறிய நிலையே மிகவும் தொல்லை தரும். இதற்குத் தீர்வாக 'மாட்யூல்ஸ்' என்னும் முறையை 1991-இல் ஜான் ஃபர்லானி ஓர் ஆய்வுரையில் விளக்கினார். உலகின் மீத்திறன் கணிப்பொறிகளிலும், நம் நாட்டுப் பரம் வரிசை இயந்திரங்களிலும் இம்முறை இன்று வழக்கத்தில் உள்ளது.

ஒவ்வொரு கம்பைலருக்கும் சர்வரின் பொறுப்பாளர் ஒரு சிறு குறிப்புக் கோப்பு எழுதி வைக்கிறார். எந்தப் பட்டியலில் எந்த அடைவைச் சேர்க்க வேண்டும் என்பது அதில் இருக்கும். பயனர் 'மாட்யூல் அவெய்ல்' என்று கேட்டால் கிடைக்கும் கம்பைலர்களின் பெயர்கள் திரையில் வரும். 'மாட்யூல் லோடு' என்று சொல்லிப் பெயரைக் கொடுத்தால் எல்லாப் பட்டியல்களும் ஒன்றாக மாறும். 'மாட்யூல் அன்லோடு' என்றால் சேர்த்தவை யாவும் ஒன்றாக நீங்கும். 'மாட்யூல் லிஸ்ட்' என்றால் இப்போது எவை திறந்திருக்கின்றன என்று தெரியும்.

கடைசி இலக்கத்தின் கதை

"எந்தக் கம்பைலர் ஆனால் என்ன? விடை ஒன்றுதானே வரும்?" என்று கேட்கலாம். எப்போதும் அப்படி வருவதில்லை.

கணிப்பொறி பதின்ம எண்களை ஒரு வரம்புக்குட்பட்ட இலக்கங்களில்தான் வைத்துக் கொள்ளும். அதனால் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறக் கூடும். பைத்தானில் (0.1+0.2)+0.3 என்று கொடுத்துப் பாருங்கள், 0.6000000000000001 என்று வரும். 0.1+(0.2+0.3) என்று கொடுத்தால் 0.6 என்று வரும். வேகத்துக்காகச் சில கம்பைலர்கள் கணக்கின் வரிசையை மாற்றி அமைக்கும். சில, பெருக்கலையும் கூட்டலையும் ஒரே ஆணையாக இணைக்கும். ஆகவே ஒரே நிரல், ஒரே தரவு, ஆனால் கடைசி இலக்கம் மட்டும் வேறு.

அந்தக் கடைசி இலக்கம் அற்பமானதா? 1961-இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்டு லோரன்ஸ், தம் கணிப்பொறிக் கணக்கு ஒன்றை இடையிலிருந்து மீண்டும் தொடங்கினார். 0.506127 என்று இருக்க வேண்டிய எண்ணை 0.506 என்று கொடுத்தார். சிறிது தூரம் ஒன்றாகச் சென்ற இரு கணக்குகளும் பிறகு முற்றிலும் வேறு வேறு வானிலைகளைக் காட்டின. வானிலைச் சமன்பாடுகளில் சிறு வேறுபாடும் நாளடைவில் பெருகும் என்பதை இது தெளிவாகக் காட்டியது.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையைத் தாமிரபரணிக் கரையில் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இத்தகைய மழையை முன்கூட்டிக் கணிக்க முயலும் நிரல்களில் பெரும்பகுதி இன்றும் ஃபோர்ட்ரானில்தான் உள்ளது. 2024 செப்டம்பரில் புனேயில் 'அர்கா', நொய்டாவில் 'அருணிகா' என்னும் பெரிய கணிப்பொறிகள் வானிலைப் பணிக்கென்றே தொடங்கி வைக்கப்பட்டன.

வானிலை ஆய்வாளர் ஒருவர் தம் நிரலைத் திருத்தி, முன்பு பெய்த மழையொன்றை அது எவ்வளவு சரியாகக் கணிக்கிறது என்று சோதிக்கிறார் என்று கொள்வோம். விடை மாறுகிறது. அது அவர் செய்த திருத்தத்தால் மாறியதா, இடையில் யாரோ கம்பைலரை மாற்றியதால் மாறியதா? பழைய கம்பைலர் தன் அடைவில் பத்திரமாக இருந்தால் மீண்டும் அதே மதகைத் திறந்து பார்த்துத் தெரிந்து கொள்ளலாம். அழிந்திருந்தால் அந்தக் கேள்விக்கு விடை காண்பது மிகவும் கடினம். இதற்காகவே அறிவியலார் தம் வேலைக் கோப்பின் முதல் வரிகளில் எந்த மாட்யூல், எந்தப் பதிப்பு என்பதை எழுதி வைக்கின்றனர். வேதியியல் சோதனையில் எந்த அமிலம், எந்தச் செறிவு என்று குறிப்பேட்டில் எழுதுகிறீர்கள் அல்லவா? அதே ஒழுக்கம்தான் இதுவும்.

செய்து பாருங்கள்

லினக்ஸ் உள்ள கணிப்பொறி கிடைத்தால் பாத் பட்டியலின் வேலையை நீங்களே காணலாம். கம்பைலர் எதையும் நிறுவ வேண்டியதில்லை.

உங்கள் இல்ல அடைவில் மேலக்கால், கீழக்கால் என்று இரண்டு அடைவுகளை உருவாக்குங்கள். பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். ஒவ்வொன்றுக்குள்ளும் 'தண்ணீர்' என்ற பெயரில் ஒரு கோப்பு எழுதுங்கள். முதல் கோப்பில், எக்கோ என்ற கட்டளையைக் கொண்டு "மேலக்கால் நீர்" என்று அச்சிடும் ஒரு வரி. இரண்டாவதில் "கீழக்கால் நீர்" என்று அச்சிடும் ஒரு வரி. இரு கோப்புகளுக்கும் இயக்க அனுமதி கொடுங்கள். பிறகு முனையத்தில் இவ்வாறு எழுதுங்கள்:

பாத்=$ஹோம்/மேலக்கால்:$ஹோம்/கீழக்கால்:$பாத்

பாத், ஹோம் என்ற இரண்டு சொற்களையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். இப்போது 'தண்ணீர்' என்று அடித்தால் எந்தக் கால் நீர் வருகிறது? 'டைப் -ஏ தண்ணீர்' என்ற கட்டளை கொடுத்தால் இரண்டு முகவரிகளும் வரிசையாகத் தெரியும். அடுத்து, மேலக்கால் அடைவிலுள்ள கோப்பை வேறு பெயருக்கு மாற்றி, 'ஹேஷ் -ஆர்' கொடுத்துவிட்டு மீண்டும் 'தண்ணீர்' என்று அடியுங்கள். என்ன நடந்தது, ஏன் என்று எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். தவறு நேர்ந்தாலும் அஞ்ச வேண்டாம். முனையத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தால் பட்டியல் பழைய நிலைக்கு வந்துவிடும்.

பிறகு ஒரு பெரிய சர்வரில் வேலை செய்யும் வாய்ப்பு வரும்போது மூன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இயக்க அமைப்பின் கம்பைலரைத் தொடாதீர்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் தனி அடைவு கொடுங்கள். எதைக் கொண்டு கணக்கிட்டீர்கள் என்பதை விடையோடு சேர்த்து எழுதி வையுங்கள்.